காய்ச்சலுக்கு ஒத்திகை

ஜூன் 9, செவ்வாய்

நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கூட்டம். வெளிநாட்டில் ஒரு புது ஃபுளூ காய்ச்சல் கிளம்பியிருக்கிறதாம். இங்கே வரலாம், வராமலும் போகலாம். வந்த பிறகு ஓடி அலைவதைவிட இப்போதே தெருத்தெருவாகத் தயாராகிவிட வேண்டும் என்றார்கள். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். எங்கள் கோயில்பிள்ளை நகர் நாலாம் தெருவிலிருந்து வந்திருந்த யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கினேன்.

வீட்டுக்காரர் மோசஸிடம் சொன்னதும், "காலேஜ் ஆபீஸ விட்டு ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள வேற ஆபீஸ் பிடிச்சிட்ட" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை மாதமாகக் காலையில் எழுந்தால் அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தது.

நர்ஸ் இசக்கியம்மாள் சொன்னது இதுதான்: ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சல்காரரைத் தனியே படுக்க வைக்க ஓர் அறை, ஜன்னலோடு. பிரஷர், சுகர் மாத்திரை ஒரு மாதத்துக்குக் கையிருப்பு. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணை வீடு. ஒரு வீடு படுத்துவிட்டால் இணை வீட்டுக்காரர் காலையும் மாலையும் போனில் விசாரிக்க வேண்டும், வாசலில் கஞ்சி வைக்க வேண்டும், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

"கொரோனால நாம சாப்பாடு இல்லாம சாகல மேடம். கதவுக்குப் பின்னால என்ன நடக்குன்னு யாருக்கும் தெரியாமத்தான் நெறைய பேர் போயிட்டாங்க" என்றாள் அந்தப் பெண். சின்ன வயதுதான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் 13, சனி

வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் காபி கொடுத்தார்கள், பாதிப் பேர் "மறுபடியுமா" என்று சலித்துக்கொண்டார்கள்.

எதிர் வீட்டு வடிவு அக்காவிடம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அக்கா தனியாக இருக்கிறார். மகன் கொம்பையா மஸ்கட்டில். முட்டு வலியில் தொடங்கி வயிறு, கழுத்து, தலைசுற்று என்று ஒரு சுற்று வந்து மறுபடி முட்டில் நின்றார். இந்தத் தெருவில் அவர் போன் வந்தால் எடுக்காதவர்கள் உண்டு. போன மாதம் நெஞ்செரிச்சலை மாரடைப்பு என்று அக்கா சொல்ல, மோசஸ் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினார். வாயு என்று அனுப்பிவிட்டார்கள்.

"இணை வீடுன்னா என் வீட்டுக்கு ஒன் பேரப் போட்டுக்கோ ஜெமிமா. எதுக்க இருக்க, கூப்பிட்டா கேக்கும்" என்றார்.

"பாக்கேன்க்கா" என்றேன்.

ஜூன் 20, சனி

இணைகளை முடிவு செய்துவிட்டேன். யோசித்துத்தான் போட்டேன். எங்கள் வீட்டுக்கு சுந்தரபாண்டியன் சார் வீடு. அவர் பொதுப்பணித்துறையில் என்ஜினீயராக இருந்தவர், கார் இருக்கிறது, நாலு பேரைத் தெரியும். மோசஸுக்கு மூச்சிழுப்பு உண்டு, அவசரத்துக்குக் கார் வேண்டும். வடிவு அக்காவுக்குத் தெருக் கடைசி வீட்டு அனீஸ். சுந்தரபாண்டியன் சார் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுதான் அது. அனீஸுக்கு இருபத்தாறு வயது இருக்கும், ஜவுளிக்கடையில் வேலை. கணவன் நவாஸ் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறான். இளம் பிள்ளைகள், ஓடியாடிச் செய்வார்கள்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று அனீஸிடம் சொன்னபோது, அன்றைக்குக் கடையில் லீவு கிடைக்காது என்று ஏதோ சொன்னாள். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

மோசஸ் கேட்டார், "எதுத்த வீட்டுக்கு யாரு?"

"கடைசி வீடு."

அவர் காபி கேட்டார்.

ஜூலை 4, சனி

பின்னறையைக் காலி செய்தோம். பழைய தையல் மெஷின், கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டி, உடைந்த மேஜை விசிறி எல்லாம் மாடிக்குப் போயின. ஜன்னலுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தேன். நாலைந்து வருடமாகத் திறக்காத ஜன்னல். வெளியே முருங்கை பூத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. இடுப்பு ஒடிகிறது.

ஜூலை 12, ஞாயிறு

அடுத்த ஞாயிறு ஒத்திகை. நம் தெருதான் முதலில் செய்யப்போகிறது என்று நர்ஸ் சொன்னாள். மற்ற தெருக்காரர்கள் பார்க்க வருவார்களாம்.

ஏழெட்டு வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் நோயாளியாக நடிப்பார். வாசல் கேட்டில் சிவப்புத் துணி கட்டிவிட்டு இணை வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். காய்ச்சல், இருமல், உடம்புவலி என்று என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இணை வீட்டுக்காரர் கஞ்சியோடு வந்து, ஜன்னல் வழியாக நான்கு கேள்வி கேட்டு, வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"நோயாளியா நான் இருக்கேன்" என்று வடிவு அக்கா தானே முன்வந்தார்.

"அதுக்கு அவங்கள விட்டா யாரு" என்றார் சுந்தரபாண்டியன் சார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

ஜூலை 19, ஞாயிறு

ஒத்திகை முடிந்தது. நன்றாகவே நடந்தது, ஒரு வீடு தவிர. வடிவு அக்காவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 20, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்ததும் ஒத்திகையைத் தொடங்கினோம். கேட்டுகளில் சிவப்புத் துணிகள் தொங்கின. தூக்குவாளியில் கஞ்சியோடு ஆட்கள் நடந்தார்கள். இரண்டாம் தெரு, ஐந்தாம் தெருக்காரர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். எல்லாம் முடிந்து சுந்தரபாண்டியன் சார் வீட்டு கார் ஷெட் நிழலில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் கேட்டாள்: "அந்த வீட்ல இன்னும் துணி அவுக்கலையே. யாரும் போகலையா?"

அனீஸ் வரவே இல்லை. அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

உள்ளே போனோம். அக்கா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தார். நினைவு இருந்தது. எங்களைப் பார்த்தார், பேச வரவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். சார் காரை எடுத்தார். நானும் நர்ஸும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார். "எப்ப ஆரம்பிச்சுது? கடைசியா இவங்க நல்லா இருந்தத யாரு பாத்தா? நேரம் தெரிஞ்சாத்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். தெரியாமப் போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஊசி போடவில்லை.

அனீஸ் வந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஜூலை 22, புதன்

கொம்பையா வந்துவிட்டான். விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான், காலில் இன்னும் கம்பெனி பூட்ஸ். சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் டியூஷனுக்கு உட்கார்ந்திருப்பான். என்னை அத்தை என்பான்.

வராந்தாவில் கேட்டான். "அம்மா அன்னைக்கு யாருக்கும் போன் பண்ணலையா அத்தை?"

"எனக்கு ஒருக்கா பண்ணாங்க. ஒத்திகை விஷயமா."

"என்ன சொன்னாங்க?"

"காய்ச்சல், இருமல்னு. எழுதிக் குடுத்ததத்தான் சொன்னாங்க."

அவன் தலையாட்டினான். எனக்குக் கேன்டீனிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். குடித்தேன்.

ஜூலை 26, ஞாயிறு

மீன்காரியிலிருந்து பால்காரர் வரை அனீஸ் பேச்சுதான். "ஒரு தூக்குவாளிக் கஞ்சி எடுத்துட்டுப் போக வலிச்சிருக்கு பாருங்க" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. நான் மறுக்கவில்லை.

மத்தியானம் சுந்தரபாண்டியன் சார் போன் செய்தார். "அந்தப் பொண்ணக் காலி பண்ணச் சொல்லிட்டேன் மேடம். ஆகஸ்ட் முடிய டைம் குடுத்திருக்கேன். தெருவுல கெட்ட பேரு."

சாயங்காலம் அனீஸ் வந்தாள். வேலைக்குப் போகும் சேலையிலேயே வந்திருந்தாள், தோளில் இருந்த கடை பேட்ஜைக்கூட எடுக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழம நான் வர முடியாதுன்னு அப்பவே சொன்னேம்லா. கடையில போனையும் வாங்கி வச்சிருவாங்கன்னு சொன்னேன். நீங்கதான் அது சும்மா ஒத்திகை, பேருக்குத்தான்னு சொன்னீங்க. அத மட்டும் சார்ட்ட சொல்லுங்க."

"பாக்கேம்மா" என்றேன்.

"அன்னைக்கு ராத்திரி போன் கையில வந்தப்போ அவங்க கூப்பிட்டது மூணு மிஸ்டு கால் கிடந்துச்சு ஆன்ட்டி. நான் அதப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 29, புதன்

மோசஸ் இன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நீ அடுக்களைல நின்னு வடிவு அக்காட்ட பேசினது எனக்குக் கேட்டுச்சு, ஜெமி."

நான் தட்டுகளை எடுத்தேன்.

"நீயே சொல்லுவன்னு இருந்தேன். பத்து நாள் ஆச்சு" என்றார். எழுந்து போய்விட்டார். அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

சரி. எழுதுகிறேன்.

ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்கா எனக்கு போன் செய்தார். "ஜெமிமா, அனீஸ் எடுக்க மாட்டேங்கா. எனக்குக் கை மரத்துப்போச்சு. வாய் ஒரு மாரி இழுக்கு" என்றார். குரல் குழறியது. நான் வெளியே ஐந்தாம் தெருக்காரர்கள் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் இருந்தேன். "அக்கா, ஃபுளூவுக்குக் கையெல்லாம் மரத்துப் போகாது. சீட்டுல எழுதியிருக்கத மட்டும் சொல்லுங்க. அனீஸ் வருவா, அவகிட்ட இருமலச் சொல்லுங்க" என்றேன்.

"இருமலா" என்று கேட்டார். "ஆமா, இருமல்" என்றேன். வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைத் தாண்டி நாலைந்து தடவை நடந்திருக்கிறேன். வாசலில் கஞ்சி இல்லை என்பதைப் பார்த்தேன். அனீஸ் பிந்தி வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வர மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் நேரம் கேட்டபோது என் பையில் போன் இருந்தது. அந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று அதில் இருந்தது. ஊசி போட இன்னும் நேரம் இருந்திருக்கிறது, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் சார் நின்றார், ஒரு பக்கம் நர்ஸ் நின்றாள். வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஊருக்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மார்க்கெட் பக்கம் சில குடும்பங்கள். கொரோனா போல ஊரடங்கு இல்லை, ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஆராதனையில் ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு உட்கார வைத்தார்கள்.

வடிவு அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வண்ணார்பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டு, கொம்பையா மஸ்கட்டுக்குத் திரும்பினான். லீவு முடிந்துவிட்டதாம். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். "ஒங்கள விட்டா எனக்கு இங்க யாரு இருக்கா அத்தை" என்றான். அன்றாவது சொல்லியிருக்கலாம். அவன் கார் கிளம்பும் அவசரத்தில் இருந்தான் என்று இப்போது எழுதலாம். அவசரத்தில் இருந்தது நான்.

ஆகஸ்ட் 10, திங்கள்

தெருவில் இரண்டு வீடு படுத்துவிட்டது. இரண்டிலும் இணை வீடு சரியாக வேலை செய்கிறது. அரிசி நொய் கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

மோசஸுக்குக் காய்ச்சல். பின்னறையில் படுக்கப் போட்டிருக்கிறேன்.

சுந்தரபாண்டியன் சாருக்கு போன் செய்தேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "மேடம், நாங்க கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குக் கிளம்பிட்டோம். பேரப்பிள்ளைகளப் பாக்கணும்லா. இப்ப மதுரை தாண்டியாச்சு. சாரைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

கேட்டில் சிவப்புத் துணி கட்டினேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

எனக்கும் காய்ச்சல். எழுந்து அடுப்பு பற்ற வைக்க முடியவில்லை. பத்து மணி சுமாருக்கு கேட் தட்டும் சத்தம்.

அனீஸ். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"கஞ்சி வச்சிருக்கேன் ஆன்ட்டி. பொரிகடலைத் துவையலும் இருக்கு. நான் அந்தாக்குல தள்ளிப் போய் நின்னுக்கிடுதேன், நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நீ எதுக்கும்மா" என்றேன்.

"துணி கெடக்குல்லா" என்றாள். ஜன்னல் பக்கம் வந்து மோசஸிடம் நான்கு கேள்விகளையும் கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில்.

ஆகஸ்ட் 17, திங்கள்

நேற்று மோசஸுக்கு மூச்சு வாங்கிவிட்டது. இழுப்பு மருந்து கேட்கவில்லை. அனீஸுக்கு போன் செய்தேன். நவாஸ் ஊரில் இருந்தான். ஒரு ஆட்டோவைக் கேட்டு வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார். "மூணு மணி சுமாருக்கு ஆரம்பிச்சுது டாக்டர், முதல்ல இருமல், பிறகு இழுப்பு" என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். பயத்தில் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மோசஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். ரசம் சாதம் கேட்டார். எனக்கு நாக்கில் ருசி இன்னும் வரவில்லை, உப்பு கூடிவிட்டது. சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 29, சனி

காய்ச்சல் அடங்கியிருக்கிறது. எங்கள் தெருவில் சாவு இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து பாராட்டக் கூட்டம் வைத்தார்கள், தெரு முனையில், காற்றோட்டமாக நாற்காலி போட்டு. சார் கோயம்புத்தூரிலிருந்து திரும்பியிருந்தார், அவர்தான் வரவேற்றுப் பேசினார். அனீஸும் நவாஸும் கடைசியில் நின்றார்கள். அவர்கள் வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டிக் கிடந்தன.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். என்ன பேசப்போகிறேன் என்று எழுந்தபோதுகூடத் தெரியாது.

"அனீஸ் அன்னைக்கு வர முடியாதுன்னு எங்கிட்ட முன்கூட்டியே சொன்னா" என்றேன். "வடிவு அக்கா எனக்கு போன் பண்ணாங்க. கை மரத்துப்போச்சுன்னு சொன்னாங்க. நான்தான் நடிக்காங்கன்னு விட்டுட்டேன்."

நர்ஸ் இசக்கியம்மாள் தலையை நிமிர்த்தினாள். "மேடம், அப்ப டாக்டர் நேரம் கேட்டப்ப" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும். சொல்லல" என்றேன்.

அவள் முகம் மாறியது. மறுபடி தரையைப் பார்க்கத் தொடங்கினாள். கூட்டம் முடியும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா, "விடுங்க, யாரும் வேணும்னு செய்வாங்களா" என்றாள். இன்னொருவர், "அந்த அக்கா எப்பவும் அப்படித்தான சொல்லிட்டிருப்பாங்க, நாங்களா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்" என்றார். டீ வந்துவிட்டது. எல்லோரும் டீ குடித்தார்கள்.

சாரிடம் போய், அனீஸ் இருக்கட்டும் என்று கேட்டேன். "இப்ப சொல்லி என்ன மேடம் பண்ண? வேற ஆளுக்குப் பேசி அட்வான்ஸ் வாங்கிட்டேன். அவங்களும் மேலப்பாளையத்துல வீடு பாத்துட்டாங்க" என்றார்.

அனீஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னப் பெத்த அத்தாவே அத நம்பிட்டாங்க ஆன்ட்டி" என்றாள், கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. "ஒரு உசுரு விஷயத்துல இப்படி இருந்துட்டியேம்மான்னு போன வாரம்கூடச் சொன்னாங்க. போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியல. நேர்ல போய்ச் சொல்லணும்."

"நான் வந்து சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம் ஆன்ட்டி. நானே சொல்லிக்கிடுதேன்."

வண்டி போய்விட்டது.

செப்டம்பர் 20, ஞாயிறு

முதியோர் இல்லத்தில் காய்ச்சல் காரணமாகப் பார்வையாளர்களை விடவில்லை. மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தேன். வாட்ச்மேன், "போன்ல பேசலாம்மா" என்றார். போனில் பேசும் விஷயம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

கொம்பையாவுக்கு எழுத உட்கார்ந்து மூன்று வரி தட்டி அழித்தேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

இன்று உள்ளே விட்டார்கள்.

ஜன்னலோரக் கட்டில். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வலது கை மடியில் கிடந்தது, யாரோ எடுத்து வைத்ததுபோல. என்னைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கிறார். மோசஸைக் கேட்டார். காய்ச்சல் வந்துபோனதைச் சொன்னேன். "பாவம்" என்றார்.

நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். "அக்கா, அன்னைக்கு நீங்க போன் பண்ணீங்கள்லா" என்று தொடங்கினேன்.

"சிரிச்ச" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீ. போன்ல. இருமல்னு சொல்லிட்டுச் சிரிச்ச. கேட்டுச்சு."

சிரித்தேன். ஆம். இத்தனை நாளில் இதை இங்கே எழுதவில்லை. மோசஸுக்கும் அது கேட்டிருக்கும்.

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு எதையோ விளக்க முயல்பவர்போல, மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துட்டு. நான்தான் நடிக்கேனோன்னு. எல்லாரும் சொல்லுவீங்கள்லா. கையக் கட்டில்ல தட்டிப் பாத்தேன். வலிக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, ஒத்திகை முடியட்டும். பிறகு ஒன்னக் கூப்பிடுவோம்னு படுத்திருந்தேன். மத்த தெரு ஆளுக வந்திருக்காங்க. ஒனக்கு அவமானமாப் போயிரக் கூடாது."

நான் அவர் கையைப் பிடித்தேன். வலது கை. பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, என் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"கொம்பையாட்ட சொல்லாத" என்றார். "கோவக்காரன். ஒங்கூட சண்டைக்கு வருவான். பிறகு எனக்கு அங்க யாரு இருக்கா?"

நான் நேரத்தை மறைத்ததால் போடாமல் போன ஊசியைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். தெரு முழுக்கக் கேட்கச் சொன்னதுதான் அது. அவரிடம் சொல்ல வரவில்லை. மணி அடித்து எல்லோரையும் கிளம்பச் சொல்லும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மோசஸ் கேட்டார், "எப்படி இருக்காங்க?"

"பேசுதாங்க" என்றேன்.